பூச்சுக்கு முந்தி ஸ்பீக்கர் பைப்: 5.1 போதுமா, 7.1 வேணுமா?

இரணியல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இரணியல் பக்கம் வீடு கட்டுறேன். கான்கிரீட் முடிஞ்சாச்சு, அடுத்த வாரம் பூச்சு. அதுக்குள்ள ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் வயருக்கு எங்கெங்க சுவரைக் கொத்தணும்னு எலக்ட்ரீஷியன் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம். 55 இஞ்ச் டிவி, 12 அடிச் சுவரில. டிவியைப் பாத்து உக்காந்தா வலது பக்கம் முழுச் சுவரு. இடது பக்கம் பின்பாதி திறந்து சாப்பாட்டு ஹாலோட சேந்து கிடக்கு. சோபாவைப் பின்சுவரோட ஒட்டித்தான் போடணும்னு அம்மா. 7.1 (சுத்தி ஏழு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) தான் போடணும்னு துபாயில இருக்க அத்தான் ஒத்தக்கால்ல நிக்காரு. ஸ்பீக்கர்களை ஓட்டுற ஆம்ப் உட்பட ஒண்ணேகால் லட்சம் வரை செலவழிக்கலாம். பைப் எங்கெங்க விடணும்?

தோவாளை_துரை:
ஒரு சவுண்ட்பார் வாங்கிப் போட்டுட்டு மிச்சக் காசுக்குக் காம்பவுண்டு சுவரு கட்டும் வோய்.

மைக்செட்_குளச்சல்:
கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் செட் கட்டுனவன் சொல்லுகேன் தம்பி, ஸ்பீக்கர் பெட்டி எண்ணிக்கையில காசைப் போடாதே. சோபா பின்சுவரில ஒட்டிக் கிடந்தா, 7.1-ல பின்னால வைக்கிற ரெண்டும் உனக்க பிடரியில நின்னு கத்தும். 5.1 போடு (முன்னால இடது, வலது, நடுவுல சென்டர், பக்கத்துல ரெண்டு சரவுண்ட், ஒரு சப்வூஃபர்), அதை ஒழுங்கா போடு. அத்தானைச் சமாதானப்படுத்த ஏழு சேனல் ஆம்ப் வாங்கிக்கோ. பிறகு வேணும்னா ரெண்டு பெட்டியை மேல மாட்டி, தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற அட்மாஸ் ஆக்கலாம்.

சோபாவை மூணு நாலு அடி முன்னால இழுக்க அம்மாகிட்ட கெஞ்சிப் பாரு. முன்பெட்டிகள்ல இருந்து நீ 10 அடி தள்ளி உக்காந்தா, அது ரெண்டுக்கும் நடுவுல 8, 9 அடி இருக்கணும். சரவுண்ட், நீ நேரா டிவியைப் பாக்குற திசையில இருந்து 110 டிகிரி. உனக்க ஹால் அகலத்துக்கு, உக்காருற இடத்துல இருந்து ரெண்டடி பின்னால, பக்கச் சுவரில வரும். தரையில இருந்து அஞ்சடிக்கு மேல போகாதே. நம்மூருல பலபேரு அதைக் கொண்டுபோய்க் கூரை மூலையில மாட்டுகான். பல்லிக்குத்தான் படம் நல்லா கேக்கும்.

வசனம் பெரும்பாலும் சென்டர்ல இருந்துதான் வருது. அதனால காசுல பெரும்பங்கு அதுக்கும் முன்ரெண்டுக்கும் போகட்டும். மூணும் ஒரே கம்பெனி, ஒரே சீரிஸா இருக்கணும். சென்டரை டிவி ஸ்டாண்டு உள்ள தள்ளாம, விளிம்பு வரை இழுத்து, காதைப் பாத்து லேசா சாய்ச்சு வை.

பைப் ஒரு இஞ்ச் போதும், எல்போ வேண்டாம், நீள பெண்டு போடச் சொல்லு. கரண்டு பைப்புல இருந்து ஒரு அடி தள்ளிப் போகணும். டிவிக்கும் ஆம்புக்கும் நடுவுல மட்டும் ரெண்டு இஞ்ச் விடு, எச்டிஎம்ஐ வயரோட தலை சின்னதுல நுழையாது. பிறகு வயரை இழுக்க எல்லாத்துலயும் நைலான் கயிறு விட்டுரு.

சப்வூஃபருக்கு ரெண்டு இடத்துல பாயிண்ட் குடு: டிவி பக்கம் ஒண்ணு, வலது சுவரு நடுவுல ஒண்ணு. குடியேறின பிறகு சப்பைத் தூக்கி சோபாவில வச்சு, பேஸ் உள்ள பாட்டை ஓட விட்டு, சுவரோரமா தவழ்ந்து கேளு. எங்க பேஸ் இரையாம தெளிவா கேக்குதோ அங்க சப்பை வை. வீட்டுல ஆள் இல்லாத நேரமாப் பாத்துச் செய். ஆம்புல கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ உள்ள பேஸ் சப்புக்குப் போகும்.

மண்டைக்காட்டான்:
அண்ணன் சொன்னது கொள்ளாம். வயர் முழுச் செம்பு, 14 கேஜ் தடிமன் வாங்குங்க. அலுமினியத்துல செம்பு பூசினதை விலை குறைவுன்னு தலையில கட்டிருவாங்க, அறுத்த முனையைச் சுரண்டிப் பாத்தா வெள்ளை தெரியும். கடலுக்காத்துல அது சீக்கிரம் கெட்டுரும். டைல்ஸ் போட்ட ஹால்ல எதிரொலி நல்லா அடிக்கும். கனமான திரையும் நடுவுல ஒரு கார்ப்பெட்டும் போட்ட பிறகு ஆம்போட மைக்கை வச்சு டியூன் பண்ணுங்க. ஐப்பசி இடிக்கு பிளக்கைப் பிடுங்கினா மட்டும் போதாது, டிஷ் வயரையும் கழத்திருங்க.

இரணியல்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. அம்மா ரெண்டரை அடிக்கு இறங்கி வந்தாச்சு. இடது பக்கம் சுவரே இல்லையே, சரவுண்டை எதுல மாட்ட?

மைக்செட்_குளச்சல்:
ஸ்டாண்டுதான். அங்க தரையில பாயிண்ட் வரணும், அதனால டைல்ஸுக்கு முந்தியே பைப் விட்டாகணும். வலதும் அதே உயரம், அதே தூரத்துல இருக்கட்டும். கொஞ்சம் முன்னபின்ன ஆனா ஆம்ப் சரிக்கட்டிக்கும். எல்லா இடத்தையும் நீயே டேப் பிடிச்சு அளந்து சுவரில சாக்பீஸால குறி போடு. வாயால சொன்னா எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டு உயரத்துல விட்டுட்டுப் போயிருவாரு.