வாசல் கதவில் ஒட்டிய சம்மன்

குடியாத்தத்தில் பதினோரு ஆண்டுகள் ஒரே கடையில் தையல் தொழில் செய்தேன். கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகும் உரிமையாளர் 90,000 ரூபாய் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை. நானே பிராது (வழக்கு மனு) எழுதி முன்சீஃப் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். வழக்குக்கு எண் கிடைத்த அன்று பாதி வேலை முடிந்தது என்று நம்பினேன். சம்மன் சார்வாகாமல், அதாவது நீதிமன்ற அழைப்பாணை எதிராளியிடம் முறைப்படி சேராமல், எதுவும் நகராது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சம்மன் அனுப்புவதற்கான கட்டணமான பேட்டாவை உடனே கட்டிவிட்டேன். அதைக் கட்டாமல் விட்டு சம்மன் போகாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம். தபாலில் போன சம்மன் 'கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு திரும்பியது. அதே உறையில் 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருந்தால் சார்வானதாகவே நீதிமன்றம் அறிவித்திருக்கும். பூட்டிய கதவு என்ற குறிப்பால் எனக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அடுத்து, சம்மனை என்னிடமே கொடுக்கும்படி மனு போட்டேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டு திருத்தத்தால் வந்த விதி இது, கட்டளை 5, விதி 9ஏ. உரிமையாளரிடம் நேரில் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "உன் காகிதத்தை நீயே வைத்துக்கொள்" என்றார். தெருவே பார்த்தது. அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினேன். ஆனால் அந்த மறுப்பால் என் வழி அடைபடவில்லை. நடந்ததை எழுதிக் கொடுத்ததும் நீதிமன்றம் தன் ஊழியரான அமீனா மூலம் மறுபடியும் சம்மன் அனுப்பியது.

வீட்டை அடையாளம் காட்ட அமீனாவுடன் நானும் போனேன். காலை ஏழு மணி இருக்கும், உள்ளே தறிச் சத்தம் கேட்டது. வேலை செய்யும் இளைஞன் ஒருவன் வெளியே வந்து, "கொடுங்கள் சார், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றான். எனக்கு உயிரே வந்தது போல் இருந்தது. அமீனா தரவில்லை.

"தம்பி, நீ அவருக்கு மகனா?"

"இல்லை சார், தறி ஓட்டுகிறேன்."

"அப்படியானால் நீ வாங்கக் கூடாது."

பிரதிவாதி, அதாவது வழக்குத் தொடரப்பட்டவர், வீட்டில் இல்லாதபோது உடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தினர் வாங்கலாம், வேலைக்காரர் வாங்கினால் செல்லாது என்று பிறகு அமீனா எனக்கு விளக்கினார். அவசரப்பட்டு அந்தக் கையெழுத்தை வாங்கியிருந்தால், உரிமையாளர் வராமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பே கிடைத்திருந்தாலும், "எனக்குச் சம்மன் வரவில்லை" என்று சொல்லி அவர் அதை ரத்து செய்ய வைத்திருக்கலாம். அந்த அமீனாவுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

காத்திருந்தோம். டீ குடித்துவிட்டு வந்த உரிமையாளர் சம்மனைப் பார்த்தார், வாங்க மாட்டேன் என்றார். அமீனா வாக்குவாதம் செய்யவில்லை. நகலை வாசல் கதவில் ஒட்டினார். எந்த நேரம், எந்தச் சூழ்நிலை, வீட்டைக் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று சம்மன் அசலின் பின்புறம் நிதானமாக எழுதினார். எதிர்வீட்டு அக்கா சாட்சியாகக் கையெழுத்திட்டார். பிரதிவாதிக்குப் பயந்து முதலில் தயங்கியவர்தான். "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா" என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

நீங்களே வழக்கு நடத்துபவர்களானால் அந்தக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். ஒட்டியதற்கு அந்த நான்கைந்து வரிகள்தான் அத்தாட்சி.

அடுத்த வாய்தாவில் என் பெயரோடு அவர் பெயரையும் அழைத்தார்கள். அவருடைய வக்கீல் எழுந்து, அவருக்காக வாதாடும் அதிகாரப் பத்திரமான வக்காலத்து தாக்கல் செய்தார்.