மூணாறு 20 சதவீதம்: யாரு வாங்குனது?

செக்காலை அக்கா:
நேத்து தேவகோட்டைக்காரர் போட்டதப் பாத்ததுல இருந்து மனசு ஆறல. பொம்பளைக கூட்டம் போடுவாக, சங்கம் நடத்தத் தெரியாதுன்னு எழுதியிருக்காரு. 2015 செப்டம்பர்ல கேரளா மூணாறு தேயிலைத் தோட்டத்துல என்ன நடந்துச்சுண்ணே? முந்துன வருசம் 19 சதவீதமா இருந்த போனச 10 ஆக்கிட்டாக, பெரிய சங்கங்க கம்பெனியோட சேந்துருச்சுன்னு கொதிச்சுப்போயி கொழுந்து பறிக்கிற பொம்பளைக ஆயிரக்கணக்குல ரோட்டுல உக்காந்தாக, பெரும்பாலும் நம்ம தமிழ்ப் பொம்பளைகதான், சங்கத் தலைவருகள பக்கத்துலயே விடல, 20 சதவீதம் வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாக. பொம்பிளை ஒருமைன்னு பேரும் வச்சாக.

தேவகோட்டைக்காரன்:
20 சதவீதம் போனஸ்னு சொல்லாதீக. போனஸ் 8.33. மிச்சம் 11.67 கருணைத்தொகை, கம்பெனி தானா இஷ்டப்பட்டுக் குடுக்குறது. கணக்கு தெரிஞ்சுட்டுப் பேசணும்.

செக்காலை அக்கா:
8.33 சட்டத்துல உள்ள குறைஞ்சபட்சம், அது யாரும் போடுற பிச்சை இல்ல. 10 தான்னு சொன்னவன 20 குடுக்க வச்சாகளா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல.

தேவகோட்டைக்காரன்:
போனஸ் வேற, கருணைத்தொகை வேற. கருணைத்தொகைய அடுத்த வருசம் உரிமையாக் கேக்க முடியுமா? நாள் கூலி 500 ரூபா கேட்டாக, வந்தது 301. அந்தப் பேச்சுவார்த்தையில உக்காந்ததும் பழைய சங்கங்கதான். உங்க காரைக்குடிக்காரவுகளுக்கு எப்பவும் பாதிக் கதைதான் தெரியும்.

பள்ளத்தூர் தம்பி:
ஊரை ஏண்ணே இழுக்குறீக?

செக்காலை அக்கா:
232 ரூபா 301 ஆச்சு, அத ஏன் முழுங்குறீக? பொம்பளைக ரோட்டுக்கு வரலன்னா அந்தப் பழைய சங்கங்கள யாரு கூப்புட்டுப் பேசியிருப்பா? சங்கம் நடத்தத் தெரியாதாம். 1918ல அகமதாபாத் மில் வேலைநிறுத்தத்துல அனசூயா சாராபாய் மில் முதலாளியான சொந்தத் தம்பிக்கு எதிரா தொழிலாளிக பக்கம் நின்னாக, 35 சதவீதம் கூலி கூடுச்சு, 1920ல அங்க மில் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சதுலயும் அவுகதான் முன்னாடி. இங்க வாங்க. பழைய வீட்ட இடிக்கிற எடம், புதுசாக் கட்டுற எடம் எங்கயும் பாருங்க, எடுபிடியா வந்த பையன் கொஞ்ச வருசத்துல கொத்தனார் ஆயிடுறான், சித்தாளா வந்த பொம்பளை கெழவி ஆனாலும் சித்தாளு, தலையில சட்டி, கையில கொத்துக் கரண்டி கெடையாது. சம ஊதியச் சட்டம் 1976லயே வந்துருச்சு, ஆனா வேற வேலைன்னு சொல்லியே கூலியக் கொறைக்கிறாக. இத எந்தச் சங்கம் மொதல் கோரிக்கையா வச்சுச்சு?

பள்ளத்தூர் தம்பி:
அக்கா, கொத்து வேலை பழகணும்ல, சாரத்துல ஏறணும்.

செக்காலை அக்கா:
செங்கலத் தூக்கிட்டு அதே சாரத்துல அவ ஏறலையா தம்பி? நீயுமா?

தேவகோட்டைக்காரன்:
பேச்ச மாத்தாதீக. போனஸ் 8.33. அதுக்குப் பதில் சொல்லுங்க.

செக்காலை அக்கா:
சொல்லியாச்சு. 10 தான்னவன் 20 குடுத்தான். கரண்டிய ஏன் குடுக்கலன்னு கேட்டேனே, அதுக்கு நீங்க சொல்லுங்க.

தேவகோட்டைக்காரன்:
11.67 கருணைத்தொகை. ஒத்துக்கிட்டா மேல பேசுவோம்.