புதுப்பிப்பு: லேசர் முறையில் பல் வெண்மையாக்கிக்கொண்ட பிறகு

தங்கையின் திருமணத்துக்கு முன் லேசர் முறையில் பற்களை வெண்மையாக்கிக்கொள்ளலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். முதலில் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அந்த அறிவுரைக்கு மனமார்ந்த நன்றி. காட்பாடியில் நான் பார்த்த மருத்துவர், கடைவாய்ப் பல்லில் எனக்கே தெரியாமல் இருந்த சொத்தையைக் காட்டி, அதை அடைக்காமல் விட்டால் மருந்து உள்ளே இறங்கிக் கடுமையான கூச்சம் தரும் என்று விளக்கினார். அதை அடைத்து, பற்களையும் சுத்தம் செய்த பின்னரே நாள் குறித்தார்.

பல்லை வெளுக்கச் செய்வது லேசர் அன்று. பூசப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு களிம்புதான் கறையைச் சிதைக்கிறது, ஒளி அதைத் தூண்டுகிறது. அந்தக் களிம்பு ஈறில் பட்டால் புண்ணாகும் என்பதால், நீல நிறப் பசை ஒன்றை ஈறின் விளிம்பெங்கும் இட்டு, ஒளி காட்டி இறுக வைத்தார்கள். இந்தக் காப்பு இல்லாமல் தொடங்கினால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். முன்பல்லில் உறையோ அடைப்போ உள்ளவர்கள் இன்னும் நன்றாக யோசிக்க வேண்டும், ஏனெனில் அவை வெளுக்காமல் பழைய நிறத்திலேயே தனித்துத் தெரியும்.

அன்றிரவு தண்ணீர் பட்டதும் முன்பற்களில் சுரீரென்று கூசியது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. 2 நாட்கள் காபி, தேநீர், மஞ்சள் சேர்ந்த குழம்பு எதுவும் கூடாது என்றதால், அம்மா வைத்த முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பை ஒதுக்கிவிட்டுத் தயிர்ச்சோறுதான் சாப்பிட்டேன். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பல் வெண்மையாக்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.