லிலியன் துராம்: ரைட் பேக்கில் நின்ற சென்டர் பேக்

1998 உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்ஸ் – குரோஷியா. எல்லோரும் பிரான்ஸின் தடுப்பாளர் துராம் அடித்த இரண்டு கோல்களைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். அன்று அவர் நின்றது ரைட் பேக்கில், அதாவது தடுப்பு வரிசையின் வலது ஓரத்தில்; சென்டர் பேக் என்பவர் அந்த வரிசையின் நடுவில் நிற்பவர். அதற்கு முன்னால் 46-வது நிமிடத்தில் குரோஷியாவின் சூக்கர் அடித்த கோலைப் பாருங்கள். அசனோவிச் பந்தை உள்ளே தள்ளும்போது வலது ஓரத்தில் துராம் மற்றத் தடுப்பாளர்களின் கோட்டைவிடப் பின்னால் நிற்கிறார், அதனால் சூக்கர் ஆஃப்சைடில் (தடுப்பாளர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கும் குற்றத்தில்) சிக்கவில்லை. நடுவில் நிற்கும் சென்டர் பேக்கைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். ஓரத்தில் நிற்பவர் கழுத்தைத் திருப்பினால்தான் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியும். பந்தையும் தன் ஆளையும் மட்டும் பார்த்தால் இரண்டடி பின்தங்கியதே தெரியாது.

அந்தத் தொடர் முழுவதிலும் பிரான்ஸ் வாங்கியது இரண்டே கோல்கள். ஒன்று டென்மார்க்கின் லாட்ருப் அடித்த பெனால்டி, மற்றது இது.

*

சூக்கரின் கோலில் துராம் செய்த பிழை உண்மைதான். அடுத்த நிமிடமே அதை அவர் ஈடுகட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். குரோஷியாவின் பெனால்டி பெட்டிக்கு அருகில் போபானிடமிருந்து பந்தைப் பறித்து, சக வீரர் ஜோர்காயெஃபுக்குக் கொடுத்து, திரும்பி வந்ததை வலது காலால் அடித்தார். 70-வது நிமிடத்தில் வந்த இரண்டாவது கோல் இடது கால், பெட்டியின் விளிம்பிலிருந்து தூரக் கம்பத்தை ஒட்டி. இரண்டுக்கும் அடிப்படை மேலேறிப் போய் நெருக்கியதுதான். 31-வது நிமிடத்தில் கரெம்பூ வெளியேறி ஆன்றி உள்ளே வந்ததும் இதற்கு உதவியது என்பேன். முன்னால் அகலமாக ஓடும் ஆள் இருந்தால் எதிரணி லெஃப்ட் பேக் பின்வாங்குவார், ரைட் பேக்குக்கு முன்னே இடம் திறக்கும்.

தேசிய அணிக்கு 142 ஆட்டம் ஆடியவர் அடித்த கோல்கள் இந்த இரண்டு மட்டுமே. ஓரத்திலிருந்து கோல் முன்னே பந்தை அனுப்பும் கிராஸ் போடுவதில் அவர் பெரிய கெட்டிக்காரர் அல்ல. அந்த இரவை வைத்து அவரைத் தாக்கி ஆடும் ரைட் பேக் என்று எழுதுவது தவறு.

*

அவர் இயல்பிலேயே சென்டர் பேக். இத்தாலியக் கிளப் பார்மாவுக்கு அவர் ஆடிய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். பயிற்சியாளர் மலெசானி வைத்த மூவர் தடுப்பில் துராம், சென்சினி, கன்னவாரோ, பின்னால் கோல்கீப்பர் புஃபோன். ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும்போது துராம் அவசரப்பட்டுச் சறுக்கி விழுந்து டேக்கிள் செய்ய மாட்டார். உடம்பைப் பக்கவாட்டில் வைத்து, எதிராளியை மைதானத்தின் ஓரக் கோட்டுப் பக்கம் ஒதுக்கி, அவர் பந்தைச் சற்று நீளமாகத் தட்டும் நொடிக்காகக் காத்திருப்பார். தட்டியதும் ஒரே எட்டில் உடம்பை இடையில் நுழைத்துவிடுவார். கீழே விழுந்த தடுப்பாளர் எழுவதற்குள் ஆட்டம் கடந்துவிடும். நின்றபடி தோற்றாலும் திரும்பி ஓடலாம்.

1999 மே 12, மாஸ்கோ. ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் பார்மா 3–0 என பிரெஞ்சுக் கிளப் மார்செய்யை வென்றது. முதல் கோல், மார்செய் தடுப்பாளர் பிளாங் தலையால் தன் கோல்கீப்பருக்குப் பின்னோக்கித் தட்டிய பலவீனமான பந்தை பார்மாவின் கிரெஸ்போ பிடித்துப் போட்டது. பிரான்ஸ் அணியில் துராமின் பக்கத்திலேயே நின்றவர் அந்த பிளாங்! துராம், பிளாங், டெசாயி, லிசராசு நால்வரும் சேர்ந்து தொடங்கிய ஆட்டங்களில் பிரான்ஸ் தோற்றதே இல்லை. அப்படிப்பட்டவருக்கும் பின்னோக்கிய தலைத்தட்டு இப்படிக் காலை வாரும்.

*

2006 உலகக் கோப்பையையும் விட்டுவிடக் கூடாது! 2004 யூரோவுக்குப் பின் தேசிய அணியிலிருந்து விலகியவர், 2005-ல் ஸிடான், மகலெலேயுடன் திரும்பி வந்தார். வயது 34, இப்போது நடுவில் சென்டர் பேக்; பக்கத்தில் கல்லாஸ், வலப்பக்கம் சன்யோல். ஏழு ஆட்டங்களில் பிரான்ஸ் வாங்கியது மூன்று கோல்கள். ஸ்பெயினின் வில்யா அடித்ததும் இறுதியில் இத்தாலியின் மத்தெராத்ஸி அடித்ததும் வேறு வேறு வகை; முன்னது பெனால்டி, பின்னது கார்னரில் வந்த தலைப்பந்து. பெனால்டியோ கார்னரோ இல்லாமல், ஆட்டத்தின் ஓட்டத்தில் வாங்கியது தென் கொரியாவிடம் மட்டும். என் கணக்கில் துராமின் ஆகச் சிறந்த தொடர் 1998 அல்ல, இதுதான்.