காட்டுச் சூரியகாந்தி: விதையை ஃப்ரீசரில் வைத்தால் காப்பாற்றியதாகுமா?

மேட்டுக்காடு:
அமெரிக்க வேளாண் துறை அயோவாவின் ஏம்ஸில் காட்டுச் சூரியகாந்தி விதைகளைச் சேர்த்து வைத்திருப்பதைச் சாதனை என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பெக்கோஸ் சூரியகாந்தி, டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் ஊற்று கசியும் உப்புச் சதுப்பில் வளர்வது. 1999 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சி ஊற்றை வற்றவிட்டு, விதை மட்டும் பத்திரமாக இருந்தால் யாருக்கு லாபம்? விதைக் கம்பெனிக்கு.

விதைப்பை:
கம்பெனிக்கு மட்டுமா? 1969-இல் பிரான்சின் லெக்லெர்க் புல்வெளிச் சூரியகாந்தி என்ற காட்டு இனத்தைப் பயிரோடு சேர்த்ததில்தான் ஆண்மலட்டுச் செடி, அதாவது மகரந்தம் தராத செடி, கிடைத்தது. நம் ஊர்க் கடையில் விற்கும் வீரிய ஒட்டு விதையும் பெரும்பாலும் அதன் வழிதான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சாலையோரம் அந்தப் புல்வெளிச் சூரியகாந்தியைப் பார்த்தேன். பூ நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. முற்றிய தலையைச் சும்மா தொட்டேன். விதை பாதி உள்ளங்கையில், பாதி மண்ணில்.

ஊட்டிக்காரன்:
எங்கள் மலைச்சரிவில் இது கொட்டிக் கிடக்கிறதே அண்ணா?

விதைப்பை:
அது டித்தோனியா தம்பி, மெக்சிகோ பக்கத்துச் செடி. குடும்பம் ஒன்று, பேரினம் வேறு.

அப்புறம் மேட்டுக்காடு, 1996-இல் கான்சாஸ் சோயா வயலில் களைக்கொல்லிக்குச் சாகாத காட்டுச் சூரியகாந்தி கிடைத்ததே? அந்தக் குணத்தைப் பயிருக்கு மாற்றினார்கள். யாரும் விதை எடுக்காமல் விட்டிருந்தால்?

மேட்டுக்காடு:
நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள். வருஷக்கணக்கில் களைக்கொல்லி அடியைத் தாங்கி மண்ணில் நின்ற செடியிடம் வந்த குணம் அது. இருபது வருஷம் முன்பே உறைய வைத்த விதையில் தேடினால் கிடைத்திருக்குமா?

விதைப்பை:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அள்ளிக்கொண்டு போவதாக நினைக்காதீர்கள். பிரிட்டனின் மில்லேனியம் விதை வங்கியின் விதிப்படி முற்றிய விதையில் 20 சதவீதம்தான் உச்சவரம்பு.

மேட்டுக்காடு:
எடுத்த பிறகு? முளைப்பு குறைந்தால் மறுபடி விதைத்துப் பெருக்க வேண்டும். பல விதைகள் மேல்தோலைப் பிளேடால் சீவினால்தான் முளைக்கும். பெரும்பாலானவற்றில் தன் மகரந்தம் தனக்கு ஏறாது. வலைக்கூண்டுக்குள் தேனீ விட வேண்டும். பட்ஜெட்டை வெட்டினால் கூண்டு காலி. சதுப்பு இருந்தால் தேனீ தானாக வரும்.

விதைப்பை:
சதுப்பு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஊற்று வற்றி, பத்து வருஷம் கழித்துத் தண்ணீர் திரும்பினால் எதைக் கொண்டுபோய் விதைப்பீர்கள்?

ஊட்டிக்காரன்:
அண்ணா, நான் அந்த டித்தோனியா விதையை ஒரு கவர் நிறையப் பறித்து வைத்திருக்கிறேனே...

மேட்டுக்காடு:
எங்கேயும் தூவிவிடாதே தம்பி. அடுப்பில் போடு.