மழையில் நின்றுபோன வைப்பர்: மோட்டாரை நானே மாற்றிய அனுபவம்

போன ஐப்பசியில் ஆத்தாவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போய்விட்டுக் காரைக்குடி திரும்பும்போது, குன்றக்குடியைத் தாண்டியதும் வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டது. அடைமழை. எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பச்சி 1998-இல் வாங்கிய கார் இது. விற்க எனக்கு மனமில்லை.

மறுநாள் வீட்டு முகப்பில் நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டாருக்கு வயர்கள் வந்து சேரும் இணைப்பான கப்ளரைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் வந்தது. எர்த் வயரும் சரி. மோட்டார்தான் போய்விட்டது என்று கடைக்குக் கிளம்பினேன். பக்கத்துத் தெருவில் லாரிகளுக்கு எலக்ட்ரீஷியனாக இருந்த பெரியவர் ஒருவர் தடுத்தார். "அது ஏன் எரிந்தது என்று பார்த்தாயா தம்பி? மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் கிராங்கைக் கழற்றிவிட்டு வைப்பரைக் கையால் அசைத்துப் பார்."

அசைத்தேன், நகரவில்லை. வைப்பர் உட்காரும் தண்டு, புஷ்ஷுக்குள் துருவும் செம்மண் தூசியும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. அதை இழுத்து இழுத்தே மோட்டார் சூடேறி எரிந்திருக்கிறது. புதியதை அப்படியே மாட்டியிருந்தால் அதற்கும் அதே கதிதான். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். பிறகு தண்டை உருவி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவினேன். பாடுபட்டதெல்லாம் இதற்குத்தான். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு மோட்டாரை மாற்றியது அரை மணி நேர வேலை. அந்தப் பெரியவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:
அண்ணே, மாட்டும்போது நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். புது மோட்டாரில் கிராங்கை முதலிலேயே முடுக்கிவிட்டு சுவிட்சைப் போட்டேன். வைப்பர், கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணில் போய் மோதியது. அணைத்தால் கண்ணாடியின் நடுவில் நிமிர்ந்து நின்றது. சுவிட்சை அணைத்த பிறகும், வைப்பர் கீழே வந்து படுக்கும்வரை மின்சாரம் கொடுக்கும் ஒரு தகடு மோட்டாரின் கியர் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே கப்ளரை மட்டும் செருகி ஓடவிட்டு, அணைத்து, மோட்டார் தன் ஓய்வு நிலையில் தானாக நின்ற பிறகே கிராங்கை மாட்ட வேண்டும். கழற்றும் முன்பே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:
என் வண்டியில் வேகமான ஓட்டம் மட்டும் வேலை செய்தது, மெதுவானது இல்லை. மோட்டாரைத் திறந்து பார்த்தால், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் மூன்று கார்பன் பிரஷ்களில் ஒன்று தேய்ந்திருந்தது. இரண்டு வேகத்துக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று, பொதுவாக ஒன்று. பிரஷ்ஷை மட்டும் மாற்றினேன். மோட்டார் வாங்கவே இல்லை. பழைய மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அண்ணே.

முதலில் எழுதியவர்:
போடவில்லை தம்பி, முகப்பில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கிறேன். இன்னொன்று: சோதிக்கும்போது கண்ணாடியில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் ரப்பர் பிடித்து இழுக்கும், மோட்டாருக்கும் சுமை. கார்த்திகையில் மறுபடி பிள்ளையார்பட்டி போனோம். திரும்பும் வழியெல்லாம் மழை. எங்கும் நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தோம்.