கோரஸ் மாஸ்டருக்குத் தமிழில் என்ன? (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

கே.கே.நகரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ஒரு கட்டுரையைச் சனிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும், இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மார்கரெட் ஹில்லிஸ் என்ற அமெரிக்க அம்மையாரைப் பற்றியது. 1957இல், சிகாகோ சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை அப்போது நடத்திவந்த ஃபிரிட்ஸ் ரைனர் கேட்டுக்கொண்டதால், அதற்கென்று ஒரு பாடகர் குழுவை உருவாக்கி, 1994 வரை அதைப் பழக்கியவர். வேலை கோரஸ் மாஸ்டர். உச்சரிப்பு, மூச்சு, சுருதி எல்லாம் சொல்லிக்கொடுத்துக் குழுவைத் தயார் செய்வது இவர்; கச்சேரியன்று மேடையில் கையசைப்பது பெரும்பாலும் வேறொருவர், கண்டக்டர். 1977இல் கார்னகி ஹாலில் மாலரின் எட்டாம் சிம்பனிக்கு கண்டக்டர் சோல்ட்டியால் வர முடியாமல் போக, இந்த அம்மாவே ஏறி நடத்திவிட்டார். கட்டுரையின் உயிர் இந்த இடம்தான். இரண்டு வேலைக்கும் ஒரே சொல் போட்டால் அந்த உயிர் போய்விடும். ‘நடத்துநர்’ என்று எழுதிப் பார்த்தேன், வீட்டில் படித்துவிட்டு எந்த ரூட் என்று கேட்டார்கள்.

திருமங்கலத்திலிருந்து

முதலில், நடத்துநர் என்று ‘ந’ போட்டு எழுதியதற்கு நன்றி. அங்கே இருப்பது இடைநிலை ந், அதை ‘னர்’ ஆக்கியது யாரென்று தெரியவில்லை, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் முழுக்க அப்படித்தான்.

சொல் வெளியே தேட வேண்டியதில்லை, சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்திலேயே இருக்கிறது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி என்ன செய்கிறாள்? ஏழு பெண்களை முறைப்படி நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயரை வைத்து, பாட்டையும் ஆட்டத்தையும் தொடங்கிவைக்கிறாள். கோரஸ் மாஸ்டர் வேலை வேறென்ன? குரவையாசான் என்று போடுங்கள். (குரல் எந்தச் சுரம் என்ற சண்டையை மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.)

பசுமலையிலிருந்து

ஐயா, நான் முப்பது வருஷமாகக் கோயில் (சர்ச்) கொயரில் டெனர் பாடுகிறவன். எங்கள் மாஸ்டரைக் குரவையாசான் என்று கூப்பிட்டால், முளைப்பாரிக்குக் குலவை போடச் சொல்லித்தருபவர் என்று ஊரே நினைக்கும். குரவை என்றால் கைகோத்து ஆட வேண்டும், நாங்கள் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்தாற்போல் நிற்கிறோம். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல் ஒரே நேரத்தில் வேறு வேறு சுரத்தில் போவது அந்தக் குரவையில் எங்கே? கொயர் மாஸ்டர் என்றே விடுங்கள், புரியும்.

திருமங்கலத்திலிருந்து

குலவையே குரவையிலிருந்து வந்ததுதான். பந்தர் பந்தலானதும் சாம்பர் சாம்பலானதும் பார்த்தவர்களுக்கு இது அதிசயமில்லை. அதே சிலம்பின் அரங்கேற்று காதையில் வரும் தோரிய மகளிர் யார்? ஆடி முதிர்ந்து, பிறகு பாட்டுக்கு நிற்பவர்கள். கோரஸுக்குத் ‘தோரியர்’ என்றே வைக்கலாம் போலிருக்கிறது...

செல்லூரிலிருந்து

சார், சனிக்கிழமை! தோரியர் என்று எழுதினால் என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் புரியாது. போன வருஷம் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பல்லியம் என்று சொன்னேன், சுவரில் பல்லி தேடினார்கள். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவில் பாரதி பாட்டுகளைப் பல குரல்களாகப் பிரித்துப் பாடவைத்த காலத்திலிருந்தே சேர்ந்திசை என்ற சொல் புழங்குகிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழக்குபவர் சேர்ந்திசைப் பயிற்றுநர், மேடையில் நிற்பவர் இசைக்குழு இயக்குநர். வெறும் இசை இயக்குநர் வேண்டாம், சினிமா ஞாபகம் வந்துவிடும்.

கே.கே.நகரிலிருந்து

இது ஓடும். “அதுவரை பயிற்றுநராக இருந்தவர் அன்று இயக்குநராக ஏறினார்” என்று எழுதிவிட்டேன், வாக்கியம் நிற்கிறது. ஒரே சிக்கல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த அம்மா விமானம் ஓட்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். இரண்டு பத்தி முன்னால் அதற்கும் ‘பயிற்றுநர்’தான் போட்டிருக்கிறேன்.

பசுமலையிலிருந்து

அதனால் என்ன, இரண்டு இடத்திலும் இருக்கட்டும். என் ஓட்டு செல்லூர் டீச்சருக்கு. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன், அது வேறு.

திருமங்கலத்திலிருந்து

விமானத்துக்குப் பயிற்றுநர், பாட்டுக்கு ஆசான் என்று பிரித்தால் சிக்கலே இல்லையே. யாரும் கேட்க மாட்டீர்கள், தெரியும். அந்த ‘ந’வையாவது அச்சில் ‘ன’ ஆக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.